மகன் குருமடம் போகணும் என்கிறான், எனக்குச் செபமே வரவில்லை

கடலோர அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் தூத்தூர் பக்கம். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை கடலை ஒட்டி எட்டு ஊர் இருக்கிறதே, அதில் ஒன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது என் வீட்டுக்காரர் ஆழ்கடலில் தூண்டில் தொழிலில் இருந்தார். அந்தப் படகில் போன யாரும் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மகன் அப்போது நாலாம் வகுப்பு, மகள் கைக்குழந்தை. அரசு கொடுத்த 20 லட்சத்தில் கடன் அடைத்தது போக மிச்சத்தை மகள் பேரில் வங்கியில் போட்டிருக்கிறேன். மாமியார் எங்களோடுதான். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான், நல்ல மார்க். அவனைக் கடலுக்கு விடக்கூடாது, ஏதாவது படிக்க வைத்து கரையில் ஒரு வேலையில் பார்க்கணும் என்பதுதான் இத்தனை வருடமும் என் ஒரே நினைப்பு. போன மாதம், குருவாக விரும்புகிற பிள்ளைகளுக்கு நடத்துகிற அழைத்தல் முகாமுக்குப் போய்விட்டு வந்தவன், குருவாவதற்குப் படிக்கிற குருமடத்தில் சேரணும் என்று சொல்லிவிட்டான். விளையாட்டாகச் சொல்லவில்லை. சின்னதிலிருந்தே பீடச்சிறுவன், காலைத் திருப்பலிக்கு யாரும் எழுப்ப வேண்டாம், தானாக எழுந்து போவான்.

ஊரில் கேட்டவர்கள் எல்லாரும் நீ கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எனக்காக நன்றி செபம்கூடச் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன், உள்ளே எரிந்தது.

ஒக்கி நேரத்தில் என் விசுவாசம் போகவில்லை, அது எனக்கே ஆச்சரியம். அப்போது வீட்டுக்கு வீடு இழவு, எல்லாரும் கோயிலில் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம். கடல்தான் எடுத்தது, கடவுள் எடுக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை. இந்தத் தடவை கேட்கிறது அவரேதான்.

ராத்திரி மாமியார் செபமாலையைத் தொடங்குவார், நான் பதில் சொல்லணும். "தூய மரியே, இறைவனின்" வரைக்கும் வரும். அடுத்த சொல் "தாயே". அங்கே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மகனைத் தடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. இப்படி ஒன்றைக் கொடுக்க வேண்டி வந்தவர்கள் விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொண்டீர்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

நாகர்கோவில் டீச்சர்:

அன்புச் சகோதரி, நான் சி.எஸ்.ஐ. சபை, பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். உங்களுக்கு எல்லாரும், மகனைப் பலியிடக் கொண்டுபோன ஆபிரகாமைத்தான் சொல்வார்கள். நான் அன்னாளைச் சொல்கிறேன். முதலாம் சாமுவேல் முதல் இரண்டு அதிகாரங்களை நிதானமாக வாசியுங்கள்.

பிள்ளை பிறந்தால் ஆண்டவருக்கே கொடுப்பேன் என்று அன்னாள் தன் வாயால் பொருத்தனை பண்ணினவள்தான். ஆனாலும் பிள்ளை பிறந்த உடனே கொண்டுபோய் விடவில்லை. அவள் புருஷன் எல்க்கானா குடும்பத்தோடு ஆலயம் இருந்த சீலோவுக்குப் புறப்படுகிறபோது, பால் மறக்கட்டும், அப்புறம் கொண்டு வருகிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அவனும் உன் இஷ்டப்படி செய் என்கிறான். அவள் கேட்ட அவகாசத்தை ஆண்டவர் குற்றமாக எடுத்துக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. கொடுத்த பிறகும் மறந்துவிடவில்லை. வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோகிறாள். வளருகிற பிள்ளைக்கு, பக்கத்தில் நிறுத்தி அளவெடுக்க முடியாத பிள்ளைக்கு, இந்த வருஷம் தோள் இவ்வளவு இருக்கும், கை இவ்வளவு இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தைத்திருப்பாள் அல்லவா? அந்தச் சட்டையை வேதம் எழுதி வைத்திருக்கிறது. கொடுத்தவள் தாயாக இருப்பதை விட்டுவிடணும் என்று எங்கேயும் எழுதவில்லை.

அவகாசம் கேளுங்கள். மகனிடமும் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள்.

புதுக்கடைக்காரன்:

அக்கா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். அனுப்ப வேண்டாம்.

நயீன் ஊர் விதவையை நினைத்துப் பாருங்கள். லூக்கா 7. ஒரே மகன் செத்துப் பாடையில் போகிறான். இயேசு அவனை எழுப்பினார், என் பின்னால் வா என்று கூட்டிக்கொண்டு போகவில்லை. தாயிடம் ஒப்படைத்தார். மற்றவர்களிடம் படகையும் வலையையும் விட்டுவிட்டு வா என்று சொன்னவர், விதவை மகன் விஷயத்தில் செய்தது இது. மாற்கு 7-லும் பாருங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை கொர்பான், கடவுளுக்கு நேர்ந்தாச்சு என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை அவர் எப்படிக் கண்டித்தார்!

வீட்டில் கண் தெரியாத பாட்டி, சின்னத் தங்கை, வருமானம் இல்லாத தாய். இந்தப் பொறுப்பும் கடவுள் கொடுத்த அழைத்தல்தான். எனக்கும் ஒரு காலத்தில் ஊழியத்துக்குப் போகணும் என்று இருந்தது. அப்பா படுத்த படுக்கையானார், போகவில்லை. அதனால் என் விசுவாசம் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

முன்னாள் குருமாணவன்:

தத்துவம் முடித்து, ஒரு வருடம் பங்கில் பயிற்சியும் முடித்த பிறகு வெளியே வந்தவன் நான். இப்போது கல்யாணமாகி ஆசிரியர் வேலையில் இருக்கிறேன். வெளியே வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, உள்ளே இருந்த வருடங்களிலும் வருத்தம் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் சாயாமல் சில விஷயங்களைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அம்மா, உங்கள் மகன் போகிற அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இளங்குருமடம், தத்துவம், பங்குப் பயிற்சி, இறையியல் என்று பத்து வருடம் போல ஆகும். குருப்பட்டத்துக்கு முந்திய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு 23 வயதும், குருப்பட்டத்துக்கு 25 வயதும் நிறைந்திருக்கணும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. மணமாகாமல் வாழ்வேன் என்ற வாக்கு திருத்தொண்டர் பட்டத்தின்போதுதான். அதுவரை எந்த நாளும் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரலாம். யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் குருப்பட்டம் பெறச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று அதே சட்டத்தின் 1026-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டோம். ஊர்தான் அதை அவமானமாகப் பார்க்கிறது. திருச்சபை அப்படிப் பார்ப்பதில்லை, தேர்ந்து தெளிவதற்காகத்தான் அத்தனை வருடம்.

இன்னொன்று. மறைமாவட்டக் குருக்கள் துறவற சபையினரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. கையில் வருவது சிறு தொகைதான், ஆனால் வயதான தாயைக் கவனிக்க அவர்களுக்குத் தடை இல்லை. துறவற சபை என்றால் கதை வேறு, சம்பளம் எல்லாம் சபைக்குப் போய்விடும். மகன் எதில் சேரப் போகிறான் என்று கேட்டீர்களா? இதைக் கேட்காமலே அனுப்பிவிட்டுப் பிறகு மனம் உடைந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

புதுக்கடை அண்ணன் சொன்னதில் ஒரு பாதி திருச்சபையின் போதனையேதான். பெற்றோர் பிள்ளையின் உதவி இல்லாமல் வாழவே முடியாத நிலையில் இருந்தால், அவர்களை விட்டுவிட்டுத் துறவறம் போகக்கூடாது என்று புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அப்படி இல்லையென்றால் போகலாம் என்கிறார். ஆக, உங்கள் வீட்டு நிலைமை என்ன என்பது சாதாரணக் குடும்பக் கணக்கு இல்லை, இது அழைத்தலா என்று தெரிந்துகொள்வதிலேயே அதுவும் ஒரு பகுதி. வீட்டுச் செலவு யார் பார்க்கிறார்கள்?

கடலோர அம்மா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்தச் சின்னச் சட்டை வரியை இத்தனை தடவை வாசகத்தில் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

குருமடத்தில் இருந்த தம்பிக்கு: நான் ஊரில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அதோடு மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வருகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சேருவது மறைமாவட்டக் குருமடம்தான் என்று சொல்கிறான்.

புதுக்கடைத் தம்பி, நீங்கள் சொன்னதை வாசித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பணம்தான் என் கஷ்டம் என்றால் இங்கே வந்து எழுதியிருக்க மாட்டேன். நேற்று அவனிடம், ஏன்டா மக்களே இந்த எண்ணம் என்று முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டேன். இவ்வளவு நாளும் நான் கேட்கவே இல்லை. அவன் சொன்னது இதுதான்.

ஒக்கி முடிந்த அந்த வாரம் எங்கள் பங்குத்தந்தை ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, எந்தப் படகு, யார் யார், எப்போது புறப்பட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் நான் பேசுகிற நிலைமையில் இல்லை. இவன்தான் அப்பா பேரைச் சொல்லியிருக்கிறான். அவர் எழுதிவிட்டு, வயதையும் கேட்டுவிட்டு, நோட்டை மூடி வைத்துவிட்டு இவனோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம், ஒன்றும் பேசாமல். அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போனாராம். "அம்மா, அப்படி ஒரு ஆள் எல்லா ஊருக்கும் வேணும்" என்றான்.

எனக்கு இது தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் அப்பா பேரைத் தானே சொல்லி எழுத வைத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கேட்ட பிறகு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. கடவுள்மேல் இருக்கிற கோபம் போகவில்லை. அப்பாவை எடுத்து, அந்தக் காயத்தையே காட்டி மகனையும் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

சிஸ்டரின் தங்கை:

அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் இதே வழியில் நடந்தவள் நான்.

எங்கள் அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. கருங்கல் பக்கம் எங்கள் ஊர், ரப்பர் வெட்டுத் தொழிலாளி வீடு. அக்கா வார்த்தைப்பாடு எடுத்த அன்றைக்கு ஊரே வந்து அப்பா அம்மாவுக்கு மாலை போட்டது. மறுநாள் காலையில் ரப்பர் பால் எடுக்க அம்மாவோடு போக அக்கா இல்லை, நான் போனேன். அதற்குப் பிறகு எல்லாமே நான்தான். அக்காவை வடநாட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு மலைக் கிராமத்தில் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான்தான் ஆட்டோ பிடித்தேன். அம்மாவுக்குக் கடைசி இரண்டு மூன்று வருடம் நினைவு தப்பிப்போனது, என்னையே அக்கா என்று நினைத்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு ஜெபம் பண்ணு" என்பார். குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டுகிற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா இறந்தபோது அக்கா ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

தியாகம் செய்தவள் அக்கா என்று எல்லாரும் சொன்னார்கள். அது பொய் இல்லை, அவள் பட்ட கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் கொடுத்ததில் ஒரு பங்கு என் கையிலிருந்து எடுத்தது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு விசுவாசம் காய்ந்துபோனது அதனால்தான், வேலை கூடியதால் இல்லை. பல வருடம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், நற்கருணை வாங்க எழுந்திருக்க மாட்டேன்.

திரும்பி வந்தது எப்படி என்று சொல்கிறேன். அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்கு அக்கா லீவில் வந்தாள். ராத்திரி அடுக்களையில் இரண்டு பேரும் மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தோம். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, இறைவன் சித்தம் என்றும் சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் கொடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்தேன், நீயும் சேர்ந்துதான் கொடுத்திருக்கிறாய்" என்றாள். அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு ஆள் இத்தனை வருடம் இல்லாமல் போனதே என்று அழுதேன். அதற்கு அடுத்த ஞாயிறு நற்கருணைக்குப் போனேன்.

அக்கா, உங்கள் மகன் போகட்டும், இல்லை இருக்கட்டும். உங்கள் மகளிடமும் பாட்டியிடமும் இப்போதே கேளுங்கள். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து என் மாதிரி எழுதப் போகிறவள் அவள்தான்.

புதுக்கடைக்காரன்:

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் தம்பி எனக்காக எதை விட்டான் என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

தேங்காய்ப்பட்டணம் யூசுப்:

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிக்கு வணக்கம். நான் இஸ்லாமியன். கூப்பிடு தூரத்தில்தான் உங்கள் ஊர்கள், ஒக்கியின்போது நாங்களும் உங்களோடு கரையில் நின்றவர்கள்தான். இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு சொல்லலாமா?

நீங்கள் ஆபிரகாம் என்கிற இப்ராஹீம் நபியின் சோதனை எங்களுக்கும் பொது. குர்ஆனில் 37-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்டவர், பேசாமல் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. மகனிடமே சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். இறைவன் கட்டளையாகவே இருந்தாலும் அதற்குள் ஆளாகப் போகிறவனைக் கேட்டார்கள். சிஸ்டரின் தங்கை சொன்ன குறை அங்கே இல்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் மனைவி ஹாஜர் அம்மையார். தண்ணீரோ ஆளோ இல்லாத மக்காப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு அவரை விட்டுவிட்டு இப்ராஹீம் நபி திரும்பி நடக்கிறார். அம்மையார் பின்னாலேயே போய்க் கேட்கிறார், கேட்டுக்கொண்டே போகிறார். அவர் பதில் சொல்லவில்லை. கடைசியில், "இது இறைவன் உங்களுக்கு இட்ட கட்டளையா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று திரும்பிவிடுகிறார். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. கவனியுங்கள், அந்த அம்மா கேள்வி கேட்ட பிறகுதான் நம்பினார். நம்பிய பிறகும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீர் முடிந்து குழந்தை துடித்தபோது ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு தடவை ஓடினார். இறைவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பிய அதே மனுஷிதான் பதறி ஓடினார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. இன்றைக்கும் ஹஜ்ஜுக்குப் போகிற ஒவ்வொருவரும், அரசனானாலும் சரி, அந்தத் தாய் ஓடிய ஓட்டத்தை ஓடியாகணும். ஒரு தாயின் பதற்றத்தை இறைவன் வணக்கமாகவே ஏற்றுக்கொண்டான்.

உங்கள் கோபத்தையும் பதற்றத்தையும் பார்த்து விசுவாசம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், சகோதரி. துஆ செய்கிறோம்.

நட்டாலம் ஓட்டக்காரன்:

எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிக்கிற சிவாலய ஓட்டத்தில் நட்டாலம் மகாதேவர் கோயில்தான் பன்னிரண்டாவது, கடைசிக் கோயில். முன்சிறை திருமலையில் தொடங்கி, காவி கட்டி, விசிறியோடு கோவிந்தா கோபாலா என்று ராவும் பகலுமாக ஓடி வந்து சேருவது இங்கேதான். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். வருடா வருடம் ஓடுகிறேன். அதே நட்டாலத்தில்தான் 1712-இல் நீலகண்ட பிள்ளையும் பிறந்தார், உங்கள் புனித தேவசகாயம்.

நான் சைவன். ஆனாலும் 2022 மே மாதம் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊர்க்காரன் என்ற பெருமை எனக்கும் இருந்தது. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் மூலமாக வேதத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி, எருமைமேல் உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப்போகப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி பார்கவி அம்மாளைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? கணவர் போன வழியில் அவரும் ஞானஸ்நானம் வாங்கினார், ஞானப்பூ என்று பெயர் வைத்தார்கள். உறவையும் ஊரையும் விட்டார். கணவரைச் சங்கிலியில் கண்டார். அவர் போன பிறகும் வடக்கன்குளத்தில் தனியாக வாழ்ந்து முடித்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணவருக்குச் சோதனை 3 வருடத்தில் முடிந்தது. அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, ஆனால் விசுவாசம் என்று எதையாவது நான் மதிக்கிறேன் என்றால் அந்த வடக்கன்குளத்து வருடங்களைத்தான்.

எங்கள் பெரிய புராணத்திலும் சிறுத்தொண்டர் கதை உண்டு, பிள்ளைக் கறி கேட்டு வந்த பைரவ அடியாருக்குத் தன் மகன் சீராளனையே கொடுத்த கதை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு அந்தப் பகுதியை என்னால் நிறுத்தாமல் வாசிக்க முடிவதில்லை. கடைசியில் சீராளன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற மாதிரி ஓடி வருகிறான் என்ற இடம் வரும்வரை மூச்சு முட்டும். உங்களுக்கு முட்டுவதில் ஆச்சரியம் என்ன, அக்கா.

அன்பர்:

அய்யா உண்டு. அய்யாவழிக்காரன் நான், சாமிதோப்பு பக்கமிருந்து எழுதுகிறேன். அய்யா வைகுண்டர் தம்முடைய மக்களைத் துவையல் தவசுக்கு அனுப்பியபோது தனித்தனியாக அனுப்பவில்லை. 700 குடும்பங்கள் ஒன்றாகப் போய் வாகைப்பதியில் கடலோரம் இருந்தார்கள், ஒரு நேரச் சாப்பாடு, கடல் குளியல், துவைத்த துணி. ஆண் பெண் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எடுத்த தவசு அது. அம்மா ஒக்கியில் தாங்கினேன், இப்போது தாங்க முடியவில்லை என்கிறார். அப்போது ஊரே கூட இருந்தது, இப்போது தனியாக இருக்கிறார். நன்றி செபம் சொன்னவர்கள் ஒருநாள் வீட்டுக்கு வந்து கூட உட்காரட்டும்.

கடலோர அம்மா:

அன்பர் சொன்னது சரி. தனியாகத்தான் இருந்திருக்கிறேன், இங்கே எழுதிய பிறகுதான் அது எனக்கே புரிகிறது.

தங்கச்சி, உன் எழுத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அண்ணன் போனால் யார் சைக்கிளில் கொண்டு விடுவார்கள் என்றாள். அப்புறம், அண்ணன் சாமியார் ஆனால் அண்ணன் என்று கூப்பிடலாமா, ஃபாதர் என்றுதான் கூப்பிடணுமா என்று கேட்டாள். அவள் அண்ணன் அங்கேயே அழுதுவிட்டான். இதற்கெல்லாம் அவன் யோசித்திருக்கவில்லை.

மாமியாரிடம் என் கோபத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் இருக்கு பிள்ளே, என் மகனைத்தானே கடல் கொண்டு போச்சு, நான் கேக்காத கேள்வியா" என்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே செபமாலை சொல்கிறோம். இப்போது நான் நிறுத்துகிற இடத்தில் அவர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறார்.

முன்னாள் குருமாணவன்:

அம்மா, திருப்பாடல் 88-ஐ வாசித்திருக்கிறீர்களா? மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் வந்து நிற்கும். இது நிற்காது. தொடங்கி முடியும்வரை இருட்டுதான், ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் என்ற கேள்விதான். ஆனாலும் அதை, குருக்களும் துறவியரும் தினமும் சொல்கிற திருப்புகழ்மாலையில், தூங்கப் போகும் முன் சொல்கிற இரவு செபத்தில், வெள்ளிக்கிழமைதோறும் வைத்திருக்கிறார்கள். குருமடத்தில் அதைச் சொல்லித்தான் படுப்போம். உங்கள் மகனும் சேர்ந்தால் அவனும் சொல்வான். கோபத்தோடு கடவுளிடம் பேசுவதைத் திருச்சபை செபம் என்றுதான் கணக்கில் வைத்திருக்கிறது.

டீச்சர் சொன்ன அவகாசத்துக்கு வழி இருக்கிறது. பட்டப்படிப்பு முடித்தவர்களையும் குருமடத்தில் எடுப்பார்கள். பிளஸ் டூ முடித்த உடனேதான் என்று கட்டாயம் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே அழைத்தல் முகாம்களுக்குப் போகலாம், பங்குத்தந்தையோடு தொடர்பில் இருக்கலாம். உண்மையான அழைத்தல் மூன்று வருடம் தாங்கும். உடனே போகணும் என்று அவன் உறுதியாக இருந்தாலும், நீங்கள் அழைத்தல் இயக்குநரை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லீவு எப்போது, எத்தனை நாள், படிப்புச் செலவில் வீடு கொடுக்க வேண்டியது எவ்வளவு, பாட்டிக்கு ஏதாவது ஆனால் உடனே அனுப்புவார்களா, வெளியே வந்தால் அதுவரை படித்ததற்குப் பட்டம் கையில் இருக்குமா. ஒன்றையும் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். கேட்டால் கோபப்படுகிறவர்கள் இல்லை, கேட்காத பெற்றோர்தான் அவர்களுக்கும் கஷ்டம்.

நாகர்கோவில் டீச்சர்:

முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை வயது ஆகியிருக்குமே மகளுக்கு? அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் சகோதரி. அண்ணன் பக்கத்தில் இல்லாமல் அவளுக்கு அந்த நாள் நிறையாது.

கடலோர அம்மா:

டீச்சர், அதையும் அவள் கேட்டாள். வருகிற மே மாதம் புதுநன்மை.

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறோம், மாமியாரும் வருகிறேன் என்கிறார். தம்பி சொன்ன கேள்விகளை மகனே ஒரு தாளில் எழுதிவிட்டான். பட்டப்படிப்பு முடித்துப் போகலாமா என்பதற்கு அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாளில் மகள் தன் பங்குக்கு மேலே ஒரு வரி எழுதியிருக்கிறாள், புதுநன்மைக்கு அண்ணனை விடுவீர்களா என்று. அதைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.